எர்த் லீக்கேஜ் ட்ரிப் ஆகுதா, இல்ல ட்ரிப்பே ஆகாம ஷாக் அடிக்குதா: பேக்டரில அறிகுறி பார்த்து பால்ட் தேடுறது எப்படி

ஜூன் மாசம் வந்துட்டா எங்க பக்கம் மாங்கூழ் பேக்டரி எல்லாம் ராத்திரி பகலா ஓடும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர்னு எந்த ரோட்ல போனாலும் பெங்களூரா மாங்கா லோடு வண்டி வரிசை கட்டி நிக்கும், அந்த ரெண்டு மூணு மாசம் எனக்கு வர்ற போன்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், "அண்ணே ஆர்சிசிபி தூக்கினா நிக்க மாட்டேங்குது, வெளிய வண்டி நிக்குது, பழம் அழுகிடும், வந்து டைரக்ட் பண்ணி விட்டுட்டு போங்க". டைரக்ட்னா என்னன்னு தெரியும்ல, ஆர்சிசிபிக்கு (கரண்ட் லீக் ஆனா சப்ளையை வெட்டுற சுவிட்ச்) மேல இருந்து கீழ ஒரு வயர் போட்டு அதை தாண்டி விட்டுடுறது. நான் அதை பண்ண மாட்டேன். ஆனா அவங்க அவசரமும் புரியுது, அதனால போன்லயே முதல்ல ஒண்ணு கேப்பேன்: "எப்போ விழுது? அந்த நேரத்துல என்ன ஓடிட்டு இருந்துச்சு?"

இதுக்கு சரியா பதில் கிடைச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. தூக்கினதும் விழுறது ஒரு வியாதி, லோடு போட்டா விழுறது வேற வியாதி, கழுவும்போது விழுறது இன்னொண்ணு. அதனாலதான் இதை அறிகுறி வாரியா எழுதுறேன், உங்க பேக்டரில எது நடக்குதோ அந்த இடத்துக்கு நேரா போயிடுங்க. ஆனா அடுத்த பத்தியையும் முதல் அறிகுறியையும் மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி: ஐசோலேட்டர் ஆப், பூட்டு, சாவி உங்க பாக்கெட்ல, "ஆள் வேலை செய்றாங்க" போர்டு. அப்புறம் மல்டிமீட்டர்ல மூணு பேஸ், நியூட்ரல், எர்த் எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு வச்சு சப்ளை இல்லைன்னு பாருங்க, மீட்டர் வேலை செய்யுதான்னு முன்னாடியும் பின்னாடியும் ஒரு லைவ் பாயிண்ட்ல பாத்துக்கோங்க. ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்பி யாரும் கை வைக்காதீங்க. டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்துற எலக்ட்ரானிக் பெட்டி) இருந்தா ஆப் பண்ணதும் திறக்கக்கூடாது, உள்ள கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், எத்தனை நிமிஷம் காத்திருக்கணும்னு டிரைவ் மூடி மேலயே எழுதியிருக்கும். வேண்டிய சாமான் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு ஓம்ல காட்டுற மீட்டர்), மல்டிமீட்டர், மில்லி ஆம்ப் காட்டுற லீக்கேஜ் கிளாம்ப். இந்த கிளாம்ப் மட்டும் கொஞ்சம் காசு, ஆனா ஒரு தடவை வாங்கினா வருஷக்கணக்குல சோறு போடும். லைசென்ஸ் இல்லாத தம்பிங்க பேனல் மூடிய திறக்க வேணாம், விழுற நேரத்தை நோட்ல எழுதி வைங்க, அதுவே பெரிய உதவி.

ஆர்சிசிபி எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரில சொல்லிடுறேன். பேஸ்ல போன கரண்ட் நியூட்ரல் வழியா (மூணு பேஸ்னா மத்த பேஸ் வழியாவும்) முழுசா திரும்பி வரணும், வரலைன்னா மிச்சம் வேற வழில மண்ணுக்கு போகுதுன்னு அர்த்தம், அந்த மிச்சம் செட்டிங்கை தொட்டதும் விழுந்துடும். ஓவர்லோடு அதுக்கு தெரியாது, ஷார்ட் சர்க்யூட்டும் தெரியாது. போனதுக்கும் வந்ததுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் தெரியும்.

எதுவுமே ட்ரிப் ஆகல, ஆனா மிஷின் பாடிய தொட்டா ஜிவ்வுங்குது

இதுதான் எல்லாத்துலயும் மோசம், அதனாலதான் முதல்ல வைக்கிறேன். ட்ரிப் ஆகி தொல்லை குடுக்குற பேக்டரில ஆள் உயிரோட இருப்பாங்க, ட்ரிப் ஆகாம ஜிவ்வுங்குற பேக்டரில அடுத்த ஆள் ஈரக்காலோட தொடுறதுதான் பாக்கி. "லேசாத்தான் அடிக்குது"ன்னு யாராவது சொன்னா அந்த மிஷினை அப்பவே நிறுத்துங்க, ஷிப்ட் முடியட்டும்னு நினைக்க வேணாம்.

ரெண்டு வருஷம் முன்ன பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷிங் யூனிட், பேரு வேணாம். அங்க எப்பவும் தரையெல்லாம் தண்ணியும் கல்லு மாவு சேறும்தான். ஒடிசால இருந்து வந்த ஒரு பையன் மிஷின் கைப்பிடிய துணி சுத்தி பிடிச்சு ஓட்டிட்டு இருந்தான், ஏன்டான்னு கேட்டா "கடிக்குது சார்"ன்னு சொன்னான், ஒரு வாரமா அப்படியே ஓட்டியிருக்கான். பாடிக்கும் பக்கத்துல ஈர மண்ணுல குத்தின கம்பிக்கும் நடுவுல மீட்டர் வச்சேன், 90 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. மிஷினை நிறுத்தி பூட்டிட்டு எர்த் பட்டைய தேடினோம். பட்டை இருந்துச்சு, போல்ட்டும் போட்டிருந்தாங்க, ஆனா பாடிக்கு புதுசா பச்சை பெயிண்ட் அடிச்சப்ப பெயிண்ட் மேலயே வாஷர் வச்சு முறுக்கியிருக்காங்க. போல்ட்டை கழட்டினா கீழ பெயிண்ட் அப்படியே பளபளன்னு, ஒரு கீறல் கூட இல்ல. மோட்டாருக்கு ரெண்டாவது எர்த் வயர் போட்டிருந்தா இந்த ஒரு பெயிண்ட் அவ்ளோ பெரிய ஆபத்தா ஆகியிருக்காது, 1956 ரூல்ஸ் காலத்துல இருந்தே மோட்டார் பிரேமுக்கு தனித்தனியா ரெண்டு எர்த் கனெக்ஷன் வேணும்னு சட்டம் சொல்றது இதுக்காகத்தான். அங்க அந்த ரெண்டாவது வயர் கேபிள் டிரேல பாதில அறுந்து தொங்கிட்டு இருந்துச்சு. லீக்கேஜ் ரிலே (லீக் ஆகுற கரண்டை பாத்து பிரேக்கரை விழ வைக்கிற கருவி) என்ன ஆச்சுன்னு பார்த்தா ரிலே நல்லாத்தான் இருக்கு, ட்ரிப் லைட்டும் எரியுது, ஆனா அதுல இருந்து பிரேக்கரை விழ வைக்கிற ஷன்ட் ட்ரிப் காயிலுக்கு போற வயரை யாரோ கழட்டி டேப் சுத்தி வச்சிருந்தாங்க.

அதனால இந்த அறிகுறிக்கு தேடுற வரிசை இதுதான். மிஷின் பாடில இருந்து பேனல் எர்த் பார் வரைக்கும் கன்டினியுட்டி, போல்ட் கீழ பெயிண்ட்டும் துருவும் சுரண்டி பாக்குறது, ரெண்டு எர்த்தையும் தனித்தனியா. அப்புறம் ரிலேல டெஸ்ட் அமுக்கினா லைட் எரியுதான்னு மட்டும் பாத்துட்டு போகாம நிஜமா பிரேக்கர் விழுதான்னு பாருங்க. அப்புறம் செட்டிங் திருகு, 3 ஆம்ப்ல திருகி வச்சிருக்கிற ரிலேவ நான் நிறைய பாத்திருக்கேன். 2010-ல வந்த மத்திய மின்சார ஆணைய பாதுகாப்பு விதிமுறையிலயே லீக்கேஜ் கருவி வீட்டுக்கு 30 மில்லி ஆம்ப், மத்த இடத்துக்கு 100 மில்லி ஆம்ப், அதை தாண்டக்கூடாதுன்னு தெளிவா இருக்கு, 2023-ல அந்த விதிமுறைய புதுசா திருப்பி போட்டாங்க. 3 ஆம்ப்ங்கிறது மனுஷன் உடம்பு தாங்குற கணக்கே இல்ல. ஈர உடம்புக்கு 1000 ஓம்னு வச்சுக்கிட்டா கூட 230 வோல்ட்ல 230 மில்லி ஆம்ப் ஓடும், அந்த ரிலே அசையவே அசையாது.

இன்னொண்ணு, "எர்த் குழி போட்டிருக்கோமே, எம்சிபி விழுந்துடும்ல"ன்னு எல்லா முதலாளியும் கேப்பாங்க (எம்சிபின்னா ஓவர்லோடு, ஷார்ட் ஆனா விழுற சுவிட்ச்). விழாது. கணக்கு போட்டு காட்டுறேன். மிஷினுக்கு தனி எர்த் குழி 8 ஓம், டிரான்ஸ்பார்மர் நியூட்ரல் குழி 2 ஓம், மொத்தம் 10. பேஸ் பாடில பட்டுச்சுன்னா 230 வகுத்தல் 10, அதாவது 23 ஆம்ப் மண்ணு வழியா ஓடும். 32 ஆம்ப் எம்சிபி 23 ஆம்ப்பை லோடுன்னு நினைச்சு நாள் முழுக்க தாங்கி நிக்கும். அந்த நேரம் மிஷின் பாடில 23 பெருக்கல் 8, 184 வோல்ட் நிக்குது. எர்த் குழி இருந்தும்! அதனால எர்த் வயரை குழியோட நிறுத்தாம, சொந்த டிரான்ஸ்பார்மர் உள்ள இடத்துல டிரான்ஸ்பார்மர் நியூட்ரல் வரைக்கும் உலோகமாவே திரும்ப கொண்டு போங்க, அப்பதான் பால்ட் கரண்ட் நூத்துக்கணக்குல ஓடி பிரேக்கர் உடனே விழும். மண்ணை நம்பி இருக்கிற இடத்துல லீக்கேஜ் கருவி இல்லாம ஒரு மிஷின் கூட ஓடக்கூடாது.

நம்ம ஊர்ல இது இன்னும் கஷ்டம், ஏன்னா நாலடி தோண்டினா பாறை. பாறை கரண்டை சரியா கடத்தாது. குழில கரியும் உப்பும் போட்டு தண்ணி ஊத்தி, இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு காலைல நாலு குடம் சேர்த்து ஊத்தி, 1.5 ஓம்னு எழுதி கையெழுத்து வாங்கிடுறாங்க, அப்புறம் சித்திரை வெயில்ல அதே குழி 15, 20 காட்டும். சட்டத்துல காஞ்ச பருவத்துல காஞ்ச நாள்லதான் டெஸ்ட் பண்ணணும்னு போட்டிருக்கிறது சும்மா இல்ல. அக்னி நட்சத்திரத்துல அளந்து பாருங்க, அதுதான் உங்க குழியோட நிஜ முகம். அளக்கும்போது அந்த குழிய மத்த எர்த்ல இருந்து கழட்டிட்டு அளங்க (பேக்டரி நிக்கும்போது, அதுவும் ஒவ்வொண்ணா), 3 மீட்டர் ராடுக்கு கரண்ட் கம்பிய 30 மீட்டர் தள்ளி, நடு கம்பிய 18, 19 மீட்டர்ல. பாறைல கம்பி இறங்காதுன்னா கம்பி வலைய தரைல விரிச்சு மேல ஈர சாக்கு போட்டு கல்லு வைங்க, வேலை செய்யும். ஆழமா போக முடியாத இடத்துல நீளமா போங்க, பள்ளம் வெட்டி ஜிஐ பட்டைய படுக்க வச்சு பென்டோனைட் களிமண் போட்டு மூடுங்க. ரெண்டு குழிக்கு நடுவுல ராடு நீளத்தை போல ரெண்டு மடங்காவது விடுங்க, பக்கத்து பக்கத்துல நாலு போட்டா நாலும் ஒரே மண்ணைத்தான் பங்கு போட்டுக்கும்.

யாராவது ஷாக்ல ஒட்டிக்கிட்டா கையை பிடிச்சு இழுக்காதீங்க, மெயினை ஆப் பண்ணுங்க, 108-க்கு போன், மூச்சு இல்லைன்னா நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சிடுங்க. உயிர் போச்சுன்னா 24 மணி நேரத்துக்குள்ள மின் ஆய்வாளருக்கு தகவல் சொல்லணும், அது வரைக்கும் அந்த இடத்துல எதையும் மாத்தி வைக்கக்கூடாது.

தூக்கினதும் விழுது, எந்த லோடும் ஓடல

கீழ இருக்கிற எல்லா எம்சிபியும் ஆப் பண்ணிட்டு தூக்குங்க. நின்னா ஒவ்வொண்ணா போட்டுட்டு வாங்க, எதுல விழுதோ அந்த லைன். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா எல்லா எம்சிபியும் ஆப்ல இருந்தும் விழுதுன்னா இங்கதான் நம்ம பசங்க "ஆர்சிசிபி போச்சு"ன்னு சொல்லி புதுசு வாங்கிட்டு வந்துடுறாங்க, புதுசும் விழுது. சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுது, நியூட்ரல் அப்படியே லிங்க்ல சேர்ந்திருக்கு. எங்கயோ ஒரு நியூட்ரல் வயர் எலி கடிச்சோ ஸ்க்ரூ ஏறியோ பாடில தொட்டுட்டு இருந்தா பேஸ் ஆப் பண்ணி பிரயோஜனம் இல்ல. சப்ளை ஆப் பண்ணிட்டு நியூட்ரல் லிங்க்ல இருந்து வயரை ஒவ்வொண்ணா எடுத்து எர்த்துக்கும் அதுக்கும் மெக்கர் போடுங்க, குற்றவாளி சிக்கிடும். அவுட்புட் வயர் மொத்தமும் கழட்டியும் விழுதுன்னா அப்ப மட்டும் ஆர்சிசிபிய மாத்துங்க.

மெக்கர் போடும்போது டிரைவ், பிஎல்சி, சாப்ட் ஸ்டார்ட்டர், சர்ஜ் அரெஸ்டர், எலக்ட்ரானிக் உள்ள எதுவா இருந்தாலும் கழட்டிட்டு போடுங்க, 500 வோல்ட் டிசி அதுக்குள்ள போச்சுன்னா லீக்கேஜ் தேடப்போயி டிரைவ் காசு கட்டணும். ஒரு நிமிஷம் வச்சு பாக்கணும், 1 மெகா ஓம்ங்கிறது சட்டத்துல உள்ள கடைசி கோடு, நல்ல மோட்டார் நூறுல காட்டும். நேத்து 200 காட்டினது இன்னைக்கு 3 காட்டுதுன்னா சட்டப்படி பாஸ், ஆனா அது போயிட்டு இருக்குன்னு அர்த்தம்.

சும்மா இருந்தா நிக்குது, லோடு போட்டா விழுது

இதுக்கு பத்துல எட்டு தடவை நியூட்ரல்தான் காரணம். நியூட்ரலும் எர்த்தும் ஆர்சிசிபிக்கு அந்த பக்கம் எங்கயோ சேர்ந்திருக்கும், லோடு இல்லாதப்ப நியூட்ரல்ல வோல்ட்டேஜ் பெருசா இருக்காது அதனால விழுற அளவுக்கு ஓடாது, லோடு போட்டதும் நியூட்ரல் கரண்ட்ல கொஞ்சம் எர்த் வழியா திருட்டுத்தனமா போகும், விழுந்துடும். லோடு அதிகம் ஆக ஆக சீக்கிரம் விழும்.

இன்னொரு வகை, ரெண்டு ஆர்சிசிபி பக்கத்து பக்கத்துல இருக்கிற போர்டுல புதுசா ஒரு லைட் லைன் இழுத்தவங்க பேஸை ஒண்ணுல எடுத்து நியூட்ரலை இன்னொண்ணோட லிங்க்ல சொருகிடுவாங்க. அந்த லைட் போட்டா ரெண்டும் சேர்ந்து விழும். ரெண்டும் சேர்ந்து விழுதுன்னு யாராவது சொன்னாலே "கடைசியா யார் லைன் இழுத்தாங்க"ன்னு கேளுங்க.

கழுவும்போது விழுது, மழைல விழுது, விடியக்காலைல விழுது

மாங்கூழ் பேக்டரில போன சீசன்ல ஒரு மாசம் எங்கள ஆட்டி வச்சது இதுதான். தினம் ராத்திரி ஒன்பது ஒன்பதரைக்குள்ள ஒரு தடவை விழும், பத்து மணிக்கு தூக்கினா நிக்கும், காலைல போய் மெக்கர் போட்டா எல்லாம் ஜம்முனு இருக்கும். மூணு நாள் நான் பகல்ல போயி ஒண்ணும் கிடைக்காம திரும்பி வந்தேன். நாலாவது நாள் அங்க இருக்கிற ஆபரேட்டர் அக்கா, அவங்கதான் நோட்ல நேரம் எழுதுறவங்க, "சார் எட்டே முக்காலுக்கு பெல்ட் கழுவுவோம், அதுக்கப்புறம்தான் விழுது"ன்னு சொன்னாங்க. அதோட கதை முடிஞ்சுது. பெல்ட்டுக்கு அடில கண்ணுக்கே தெரியாத இடத்துல ஒரு சின்ன ஜங்ஷன் பாக்ஸ். பூட்டிட்டு திறந்தேன், மாங்கூழ் உள்ள போயி டெர்மினல் மேல பிசின் மாதிரி காஞ்சு கருப்பா ஒட்டியிருக்கு, புளிச்ச வாசனை, அதுக்குள்ள ஒரு எறும்பு வரிசை. கேபிள் கிளாண்ட் நட்டு கையால சுத்தினாலே சுத்துது, கேபிள் மேல பக்கம் இருந்து நேரா பாக்ஸுக்குள்ள இறங்குது, தண்ணி கேபிள் மேலயே வழிஞ்சு உள்ள போகுது. காஞ்சிருக்கிறப்ப அந்த பிசின் கரண்டை விடாது, ஈரமானா சர்க்கரையும் புளிப்பும் கலந்து நல்லா கடத்தும், காஞ்சதும் மறுபடி ஒண்ணும் தெரியாது. அதனாலதான் பகல்ல மெக்கர் பொய் சொல்லுச்சு.

இந்த அறிகுறிக்கு ஈரமா இருக்கும்போதே அளக்கணும். கழுவி முடிச்ச உடனே லீக்கேஜ் கிளாம்ப்பை மூணு பேஸ் நியூட்ரல் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து மாட்டுங்க (எர்த் வயர் சேர்க்காம), மெயின்ல ஆரம்பிச்சு கிளை கிளையா போனா எந்த கேபிள்ல மில்லி ஆம்ப் ஏறுதோ அங்க போய் நிக்கலாம். சரி பண்றது சுலபம், கேபிளை பாக்ஸுக்கு கீழ இருந்து உள்ள கொண்டு வாங்க, ஒரு சின்ன வளைவு கீழ தொங்கவிட்டா தண்ணி அங்கயே சொட்டிடும், கேபிள் சைசுக்கு சரியான கிளாண்ட், பீச்சி அடிக்கிற இடத்துக்கு அதை தாங்குற பாக்ஸ். இன்சுலேஷன் டேப்பை சுத்தி விட்டுட்டு வர்றது வேலை இல்ல.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி தைல விடியக்காலைல மட்டும் விழுதுன்னா பேனலுக்குள்ள பனித்தண்ணி கோத்திருக்கும், பேனல் ஹீட்டர் எரியுதான்னு பாருங்க. ஒன்பது மணி வெயில் ஏறினா தானா சரியாகுற பால்ட் எல்லாம் இந்த ஜாதிதான்.

சீசன் ஆரம்பத்துல ஹீட்டர் போட்டா விழுது

ஒன்பது மாசம் சும்மா கிடந்த ஹீட்டர் முதல் நாள் லீக் ஆகும். ஹீட்டர் குழாய்க்குள்ள காயிலை சுத்தி மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் அடைச்சிருக்கும், முனைல சீல் போயிடுச்சுன்னா அது காத்துல இருக்கிற ஈரத்தை குடிச்சுக்கும். ஆர்சிசிபிய டைரக்ட் பண்ணி ஹீட்டரை ஓட விட்டா தானா காஞ்சிடும்னு ஒரு பழக்கம் இருக்கு, தயவு செஞ்சு வேணாம், அந்த ஒரு மணி நேரத்துல யாராவது தொட்டா போச்சு. கழட்டி ஓவன்ல 110, 120 டிகிரில சில மணி நேரம் வச்சு, ஆறினதும் மெக்கர் பாத்து, முனைய புதுசா சீல் பண்ணி மாட்டுங்க. சும்மா கிடந்த மோட்டாருக்கும் இதே மாதிரிதான், மே மாசம் முதல் வாரமே எல்லாத்துக்கும் மெக்கர் போட்டு வச்சிட்டா ஜூன்ல ஓட வேண்டியதில்ல.

டிரைவ் ஓடினா விழுது

டிரைவுக்குள்ள இருக்கிற பில்டர் சும்மாவே எர்த்துக்கு கொஞ்சம் கரண்ட் விடும், அது பழுது கிடையாது, அதோட குணம். ஒண்ணு ரெண்டுன்னா தெரியாது, ஒரே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கீழ நாலு டிரைவ் போட்டா நாலும் சேர்ந்து எல்லைய தொட்டுடும். பொதுவா சும்மா ஓடுற லீக்கேஜ் செட்டிங்ல 30 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 30 மில்லி ஆம்ப்னா 9, 10-க்குள்ள. ஆர்சிசிபி 30-ல தான் விழணும்னும் இல்ல, பாதி தாண்டினாலே 15-க்கு மேல எங்க வேணாலும் விழலாம். அதனால பிரிச்சு போடுங்க, டிரைவ்ல இருந்து மோட்டாருக்கு போற ஷீல்டு கேபிளை குறைச்சு போடுங்க, நீளம் ஏற ஏற லீக்கேஜ் ஏறும்.

இதுல இன்னொரு பக்கம் இருக்கு, அதைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன். மூணு பேஸ் டிரைவ்ல பால்ட் வந்தா சீரான டிசி கரண்ட் எர்த்துக்கு போகலாம், சாதாரண ஏசி டைப் ஆர்சிசிபிக்கு அது கண்ணே தெரியாது, அதுல கோர் மரத்துப்போயி நிஜ ஏசி பால்ட் வந்தாலும் விழாம போயிடும். மூணு பேஸ் டிரைவுக்கு பி டைப்தான். விலை கேட்டா முதலாளி முகம் மாறும், இருந்தாலும் சொல்லுங்க. டிரைவுக்கு போற எர்த் வயரும் குறைஞ்சது 10 ஸ்கொயர் காப்பர், இல்லைன்னா ரெண்டு எர்த் வயர், ஏன்னா அந்த வயர் அறுந்தா பில்டர் கரண்ட் முழுக்க தொடுற ஆள் வழியாத்தான் போகும். பில்டர் ஸ்க்ரூவ கழட்டி விட்டா ட்ரிப் நிக்கும்னு யாராவது சொன்னா டிரைவ் புக்கை பாக்காம கழட்டாதீங்க.

பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ரிலே அடிக்குது

மோட்டாருக்கு மெக்கர் நல்லா இருந்தா சிபிசிடிய பாருங்க, கேபிள் நுழைஞ்சு போற, லீக்கேஜை அளந்து ரிலேக்கு சொல்ற வளையத்தை. மூணு கேபிளும் நடுவுல ஒண்ணா சேர்ந்து நேரா போகணும், ஒரு ஓரமா சாஞ்சோ வளையத்தை ஒட்டியே வளைஞ்சோ போச்சுன்னா ஸ்டார்ட்டிங் கரண்ட்ல பொய்யா ஒரு வித்தியாசத்தை காட்டும். கட்டி நடுவுல நிறுத்தினாலே பாதி இடத்துல சரியாகிடும், அப்புறம்தான் டைம் டிலே பத்தி பேசணும். லோடுக்கு நியூட்ரல் போகுதுன்னா நியூட்ரலும் அதே வளையத்துக்குள்ள போகணும், எர்த் வயர் மட்டும் போகவே கூடாது. எர்த்தும் உள்ள போச்சுன்னா பால்ட் கரண்ட் போறதும் வர்றதும் ஒரே வளையத்துல, ரிலேக்கு கண்ணு கட்டின மாதிரி. ஆர்மர்டு கேபிள் (இரும்பு கம்பி உறை உள்ளது) அப்படியே வளையத்துக்குள்ள போச்சுன்னா ஆர்மர் எர்த்தை திருப்பி வளையத்து வழியாவே வெளிய கொண்டு வந்து எர்த் பாருக்கு குடுக்கணும், இதை ஓசூர்ல பெரிய பெரிய பேனல்ல கூட தப்பா போட்டு பாத்திருக்கேன்.

கீழ உள்ளது நிக்குது, மெயின் விழுந்து மொத்த பேக்டரியும் இருட்டு

மேல 100 மில்லி ஆம்ப், கீழ 30 மில்லி ஆம்ப் இருந்தா கீழதான் முதல்ல விழும்னு நினைக்காதீங்க, நல்ல பால்ட்ல 100-ஐ தாண்டி ஓடும், ரெண்டும் ஒரே நேரத்துல கிளம்பும், எது முந்துதோ அது. மேல இருக்கிறது டைம் டிலே உள்ள எஸ் டைப்பா இருக்கணும். ஹெச்டி (உயர் அழுத்த) சர்வீஸ்ல எர்த் பால்ட் ரிலே செட்டிங் எல்லாம் லைசென்ஸ் உள்ள சூப்பர்வைசர் வேலை, நாம திருகக்கூடாது.

இபில நல்லா இருக்கு, ஜெனரேட்டர் ஓடினா கோளாறு

ரெண்டு விதம். ஜெனரேட்டருக்கு மாறினதும் விழுதுன்னா சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பேஸை மட்டும் மாத்துற மூணு போலா இருக்கும், இபி நியூட்ரலும் ஜெனரேட்டர் நியூட்ரலும் எப்பவும் சேர்ந்தே கிடக்கும், திரும்புற கரண்ட் ரெண்டு பாதைல பிரியும். நாலு போல் சேஞ்ச்ஓவர் போட்டா தீரும்.

ரெண்டாவது விதம் சத்தமே போடாது. ஜெனரேட்டர் நியூட்ரலை எர்த் பண்ணாம விட்டிருப்பாங்க. அப்ப ஒரு பேஸ் பாடில பட்டா கரண்ட் திரும்பி போக வழியே இல்ல, ஆர்சிசிபி விழாது, யாருக்கும் தெரியாது, அடுத்ததா இன்னொரு மிஷின்ல வேற பேஸ் பாடில படுற நேரம் ரெண்டு மிஷினையும் தொட்டுட்டு நிக்கிற ஆளுக்கு 415 வோல்ட். இதுல ஏமாத்துறது என்னன்னா டெஸ்ட் பட்டன் அமுக்கினா ஆர்சிசிபி அழகா விழும், ஏன்னா அந்த பட்டன் உள்ளயே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒரு சின்ன கரண்டை விட்டு பாக்குது, எர்த் இருக்கா இல்லையான்னு அதுக்கு கவலையே இல்ல. அதனால பட்டனை மாசா மாசம் அமுக்குங்க, அதோட ஆர்சிடி டெஸ்டர் வச்சு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல நிஜ கரண்ட் விட்டு எத்தனை மில்லி செகண்டுல விழுதுன்னு பாருங்க, இபில ஒரு தடவை, ஜெனரேட்டர்ல ஒரு தடவை. 30 மில்லி ஆம்ப் கருவி அதே 30-ல 300 மில்லி செகண்டுக்குள்ள, அஞ்சு மடங்கு விட்டா 40-க்குள்ள விழணும். ஜெனரேட்டர் நியூட்ரலுக்கு தனித்தனியா ரெண்டு எர்த், பாடிக்கு ரெண்டு எர்த், மொத்தம் நாலு பட்டை ஜெனரேட்டர்ல இருந்து வெளிய வருதான்னு நாளைக்கு ஷிப்ட் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை நடந்து போய் எண்ணி பாத்துடுங்க.